கட்டியக்காரன் தொண்டைக்கு மருந்து

மாங்கோட்டை ராஜா கொண்டல்ராயருக்கு சண்டைன்னா பயமில்ல, புலின்னா பயமில்ல. காலையில சபைக்குள்ள காலெடுத்து வைக்கத்தான் பயம்!

ஏன்னா வாசல்ல கட்டியக்காரன் மொக்கையன் நிப்பான். ராஜா வரும்போது அவர் பட்டத்தையெல்லாம் சொல்லிக் கத்தணும். அதான் அவன் வேலை. ஒருநாள் "ராஆஆஜாதி ராஜ! ராஆஆஜ கம்பீர!"ன்னு கத்துவான் பாருங்க, தூண்ல இருக்கிற தூசியெல்லாம் உதிரும். மறுநாளே, "ராஜாதி... ராஜ... ஆவ்வ்... வந்துட்டாரு, எந்திரிங்க..."ம்பான். காய்ச்சக்காரன் கஞ்சி கேட்ட மாதிரி இருக்கும்.

ராஜா திட்டிப் பாத்தாரு. அதிமதுரம் குடுத்துப் பாத்தாரு. பட்டுத் தலைப்பாகை கட்டிவிட்டும் பாத்தாரு. பய, அந்தத் தலைப்பாகையோட கொட்டாவி விட்டான்.

இந்த நேரத்துல நம்ம இளவரசனுக்குச் சம்பந்தம் பேச அக்கரைச் சீமை ராஜா வர்றாருன்னு சேதி வந்துச்சு. கொண்டல்ராயர், மந்திரி அம்பலத்தாடியைக் கூப்பிட்டாரு.

"ஓய்! நாளைக்கு அவன் சிங்கமாட்டம் கத்தணும். இல்லேன்னா நாளன்னைக்கே அவன் கழுதை மேய்க்கப் போறான். தொணைக்கு நீரும் போகலாம்!"

"கழுதை பாவம் மகாராஜா. நான் பாத்துக்கிறேன்"ன்னுட்டு அம்பலத்தாடி நேரா மொக்கையங்கிட்ட போனாரு.

"ஏண்டா, உன் தொண்டையில என்ன, தவக்களையா குடியிருக்கு?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு சாமி. 'புலியைப் புறங்கண்டவரே'ன்னு கத்தச் சொல்றீங்க. நேத்து நம்ம ராஜா ஒரு பல்லிக்குப் பயந்து கட்டில் மேல ஏறி நின்னதை இந்தக் கண்ணால பாத்தேன். 'குடிகளைக் காப்பவரே'ங்கணும். எங்க ஊர்க் குளத்துக்கரை ஒடைஞ்சு கெடக்கு, மனு குடுத்துக் குடுத்துக் கையே தேஞ்சுபோச்சு. பொய்யின்னு தெரிஞ்சா சத்தம் நெஞ்சுக்குழியோட நின்னுடுது சாமி!"

"அப்ப என்னைக்குடா நல்லா வரும்?"

"வெள்ளத்தன்னைக்கு ராஜா நனைஞ்சுக்கிட்டே வந்து சோறு போட்டாரே, அன்னைக்குத் தானா வந்துச்சே!"

அம்பலத்தாடி மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டாரு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம ராஜாவை எழுப்பி, "மொக்கையன் தொண்டைக்கு ஒரு மூலிகை இருக்கு. கிழக்குக் குளத்துக்கரையில முளைக்குது. ராஜா கையால பறிச்சாத்தான் பலிக்கும்"னாரு. ராஜா கண்ணைக் கசக்கிக்கிட்டே போனாரு.

போனா, கரையே இல்ல! மொக்கையனோட ஊர் சனம் மொத்தமும் மண்கூடையோட நிக்குது. ராஜாவைப் பாத்ததும் சுத்திக்கிச்சு. தப்பிக்க வழியில்லாம, "இன்னைக்கே கரையைக் கட்டுங்க! அரண்மனை ஆளெல்லாம் வரட்டும்!"னு உத்தரவு போட்டாரு. வீறாப்புல மொதக் கூடையைத் தானே தூக்கினாரு.

"மகராசா, அப்படிப் புடிச்சா மண்ணு உங்க தலையிலதான் விழும்"னா ஒருத்தி.

விழுந்துச்சு. ஊரே சிரிச்சுச்சு. ராஜாவுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இன்னும் நாலு கூடை சொமந்துட்டுத்தான் கெளம்பினாரு.

குளிக்க நேரமில்ல. அக்கரை ராஜா வந்து உக்காந்தாச்சு. நம்ம ராஜா மண்ணும் சேறுமா சபை வாசலுக்கு வந்தாரு. ஆனா கரை கட்டுற சேதி அவருக்கு முன்னாடியே மொக்கையன் காதுக்கு வந்துருச்சு. சேத்துக்காலோட நின்ன ராஜாவை ஏற எறங்கப் பாத்தான். நெஞ்சை நிமித்தினான்.

"ராஆஆஆஆஜாதி ராஜ! குடிகளைக் காஆஆஆக்கும் எங்க கொண்டல்ராயர் வர்றாஆஆஆரு!"

முகட்டுல இருந்த புறாவெல்லாம் ஊரைவிட்டே பறந்துருச்சு. அக்கரை ராஜா கையில இருந்த மோரு மடியில கொட்டிப்போச்சு. "கட்டியக்காரனே இப்படின்னா படை எப்படி இருக்கும்!"னு அங்கேயே பொண்ணு குடுக்கச் சம்மதிச்சுட்டாரு.

விருந்து முடிஞ்சதும் ராஜா அம்பலத்தாடியை ஓரமா இழுத்தாரு.

"ஓய், மூலிகையை நான் பறிக்கவே இல்லையே! அவனுக்கு என்னத்தைய்யா குடுத்தீரு?"

"அவனுக்கு ஒண்ணும் குடுக்கல மகாராஜா. சீக்கு அவன் தொண்டையில இருந்துச்சு. மருந்தைக் காலையில நீங்கதான் சாப்பிட்டீங்க!"

ராஜா ஒரு நிமிஷம் முறைச்சாரு. அப்புறம் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்ச சிரிப்புல தலையில மிச்சமிருந்த மண்ணெல்லாம் உதிர்ந்துச்சு. மந்திரிக்கு முத்துமாலை, மொக்கையனுக்கு வேலை நிரந்தரம்னு சொல்லிட்டு, மெதுவாக் கேட்டாரு:

"ஏய்யா... இந்த மருந்தை வாரத்துக்கு ஒருதடவை சாப்பிட்டாப் போதுமா?"