மடித்த இலை

"தாயே, என் மகள் ஒரு வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்துகிறாள். நீங்கள்தான் சொல்லித் திருத்த வேண்டும்."

வந்தவர் ஆதிமூலம். முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். மடத்தின் குரு வேலம்மைக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் சீடர் அவர்தான்.

"என்ன வார்த்தை?"

"கோயர்ஷன். பலவந்தம். அதற்கு மிரட்டல் வேண்டும், அடி உதை வேண்டும். நான் கை ஓங்கினேனா? நல்ல வரன், கட்டிக்கோ என்றேன். அன்பாகத்தான்."

"அவள் என்ன சொன்னாள்?"

"வேண்டாம் என்றாள்."

"பிறகு?"

"மறுபடி சொன்னேன். அவள் அம்மா சொன்னாள். அத்தை சொன்னாள். பெரியப்பா ஊரிலிருந்து வந்து சொன்னார். எல்லாரும் அன்பாகத்தான். நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். இவளோ நேற்றிலிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, உள்ளிருந்தே அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறாள். அதுவும் தப்பாக!"

"சாப்பிட்டீர்களா, வாத்தியாரே?"

அன்று மடத்தில் பௌர்ணமி விருந்து. மத்தியானப் பந்தி. வேலம்மை தானே பரிமாறினாள்.

ஆதிமூலம் ரசித்துச் சாப்பிட்டார். பாயசத்தை வழித்தார். ஏப்பம் விட்டார். இலையை மடித்தார்.

வேலம்மை குனிந்து இலையைத் திறந்தாள். ஒரு கரண்டி சாதம் வைத்தாள்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மடித்த இலையில் யாராவது பரிமாறுவார்களா?

"தாயே, மடித்துவிட்டேனே!"

"அன்பாகத்தானே வைக்கிறேன்."

குரு வைத்ததாயிற்றே. விழுங்கினார். மறுபடி மடித்தார்.

சமையல்கார முனியாண்டி வந்து திறந்தான். "ரெண்டு வடை சாமி. உங்க நல்லதுக்குத்தான்."

பக்கத்து இலைக்காரர் லட்டு ஒன்றை நகர்த்தி வைத்தார். "பெரியவங்க சொன்னா கேட்கணும் சார்."

பந்தி முழுக்கச் சிரிப்பு. வேலம்மை மீண்டும் கரண்டியோடு வந்தாள்.

ஆதிமூலம் இலையை மடித்து, அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் கவிழ்ந்துகொண்டார்.

"போதும் என்றால் போதும்! மடித்த இலையைத் திறக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதுவா அன்பு? இதற்குப் பேர்..."

வாய் திறந்தபடியே நின்றது.

கரண்டியும் அந்தரத்தில் நின்றது.

"சொல்லுங்கள் வாத்தியாரே. நீங்கள்தான் இங்கிலீஷ் படித்தவர்."

முதலில் அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எழுந்து கை கழுவினார். போனை எடுத்தார்.

"நப்பின்னை, அப்பா பேசறேன். கதவைத் திறக்கச் சொல்லலம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய், இந்தச் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிட்டு வரேன். அப்புறம்... நீ சொன்ன வார்த்தை சரிதான்."

மறுமுனையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.



"அப்பா, பசிக்குது."

வடை, லட்டு, பாயசம் என்று வாய் வரை வந்ததை ஆதிமூலம் விழுங்கிக்கொண்டார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"