சாரல் நிற்கிற இடம்

“நம்ம சீமை எதுவரைக்கும், சாமி? இன்னிக்கே சொல்லணும்.”

கேட்டவர் மலையடிவாரத்து நாட்டாமை தளவாய். பேரன் பேத்தி எடுத்தவர். அவருடைய குரு குகைச்சாமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு நரை எதற்கு?

“என்ன அவசரம், நாட்டாமை?”

“வருசா வருசம் நடவுக்குக் கரிசக்காட்டுப் பொம்பளையாளுக வருவாங்க. இந்த வருசம், ‘வெளிச்சீமை ஆளு வேண்டாம்’னு ஊர்ல ஒரே சத்தம். வாறவங்கள நான்தான் திருப்பி அனுப்பணுமாம்.”

“அவங்களுக்கு அங்க வேலை இல்லையோ?”

“ஏது? ஐப்பசி வரைக்கும் அங்க வானம் திறக்காது. இந்தக் கூலியிலதான் அடுப்பு எரியுது.”



“வெளிச்சீமைன்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?”

“சாரல் விழுந்தா நம்ம சீமை. விழலைன்னா அடுத்த சீமை. தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்.”

“அப்போ போய் ஒரு எல்லைக்கல்லு நட்டுட்டு வாரும்.”

தளவாய் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார். சாரல் நின்ற இடத்தில் குழி வெட்டிக் கல்லை நட்டார்.

காற்று வேகமெடுத்தது. சாரல் அவரைத் தாண்டி ஓடியது.

கல்லைப் பிடுங்கி, வண்டியில் போட்டுக்கொண்டு துரத்தினார். அங்கே நட்டதும் சாரல் பின்வாங்கியது. குழிமேல் குழி வெட்டி மனிதருக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். மறுபடியும் கல்லை வண்டியில் ஏற்றினார்.

அப்போது எதிரே நடவுக்கு வரும் பெண்கள் தென்பட்டார்கள். முன்னால் வந்தவள் முப்பிடாதி. விடியுமுன்னே கிளம்பி நடந்த கால், முழங்கால்வரை புழுதி. முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த களை.

“என்ன அண்ணாச்சி, யாருக்குக் குழி?”

தளவாய் மண்வெட்டியை வண்டிக்குள் போட்டார்.

“உங்க ஊர்ல சாரல் உண்டா, தாயி?”

“ஒரு துளி விழாது.”

“பிறகு, நடவு தொடங்கிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“வாசல்ல நின்னா மலை தெரியுமே! நேத்து கருகருன்னு மூடுச்சு. ‘ஏளா, நம்ம மலையில மழை இறங்கிட்டு, கிளம்புங்க’ன்னு தெருவுக்கே சத்தங் கொடுத்தேன்.”

“நம்ம மலையா?”

“பிறகு, யாரு மலை?”

தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது.

“எல்லாரும் வண்டியில ஏறுங்க, தாயி.”

“கல்லு கிடக்கே, அண்ணாச்சி?”

“உருட்டி விடுங்க.”