ஆறுமணிக்குருவியும் திரும்பிப் பார்க்காத கீரியும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஐப்பசி மழை விட்டதும் எங்கெங்கிருந்தோ பறவைகள் அந்த ஏரிக்கு வந்து இறங்கும். வந்த பறவைகளில் யார் அதிக வகைகளைப் பார்ப்பது என்று காட்டு விலங்குகள் ஆண்டுதோறும் போட்டி போடும். குழந்தைகளே, சிரிக்காதீர்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்புக் கார் எத்தனை, வெள்ளைக் கார் எத்தனை என்று நீங்கள் எண்ணுவதில்லையா? அதுபோலத்தான்.

போட்டிக்கு விதிகள் உண்டு. பறவையைக் கண்ணால் பார்க்க வேண்டும். குரலைக் கேட்டது கணக்கில் வராது. பார்த்தவர் சொன்னால் மட்டும் போதாது. 'நானும் பார்த்தேன்' என்று இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி கிடைத்தால் ஆலமரத்தடியில் உள்ள தன் குழியில் ஒரு புங்கங்கொட்டையைப் போடலாம். மார்கழிக் கடைசி நாள் சூரியன் மறைந்ததும் நடுவரான ஆமை கொட்டைகளை எண்ணும்.

பரிசு சாதாரணமானதல்ல. கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போதும் வற்றாமல் இருப்பது பாறை இடுக்கில் ஊறும் ஒரு சுனை மட்டுமே. வென்றவருக்கு அடுத்த மழைவரை அந்தச் சுனை சொந்தம். இருவர் சமமாக வந்தால் இருவருக்கும் சொந்தம்.

போன ஆண்டு காட்டுப்பன்றி வென்றது. அது சுனையில் புரண்டு புரண்டு நீரைச் சேறாக்கியதுடன், வேறு யாரையும் கிட்டேகூடச் சேர்க்கவில்லை. அந்தக் கோடையில் கீரியின் மூன்று குட்டிகளில் கடைக்குட்டி தாகத்தால் கண் செருகிப் படுத்துவிட்டது. அது பிழைத்து எழுந்ததே பெரும்பாடு.

'அடுத்த கோடையில் என் குட்டிகள் சுனைத் தண்ணீர்தான் குடிக்கும்' என்று கீரி அன்றைக்கே உறுதி எடுத்துக்கொண்டது.

இந்த ஆண்டு பன்றிக்குக் கண் மங்கிவிட்டதால் அது போட்டிக்கு வரவில்லை. கீரி வந்தது. போட்டி முடியும்வரை எந்தப் பறவையையும் தொடுவதில்லை என்று ஆமையின் ஓட்டில் கையடித்துச் சத்தியமும் செய்தது. பறவைகள் அந்தச் சத்தியத்தை நம்பின. ஆனாலும் கீரிக்கு எட்டுகிற தூரத்தில் மட்டும் உட்காரவில்லை.

மார்கழி முடிய மூன்றே நாள் இருந்தது. மானின் குழியில் ஒன்பது கொட்டைகள்; பறவை சிறகடித்தாலே பயந்து ஓடுகிறவருக்கு அதற்குமேல் எப்படிச் சேரும்? உடும்பின் குழியில் பதினேழு. கீரியின் குழியில் நாற்பத்தொன்று. அணிலின் குழியிலும் நாற்பத்தொன்று.

அதுதான் கீரிக்குப் பொறுக்கவில்லை.

கீரிக்கு எப்போதுமே சந்தேகம் அதிகம். காற்றில் இலை அசைந்தால் அது இலையைப் பார்க்காது. ஆட்டிவிட்டது யார் என்று பார்க்கும். அணிலோ பெரிய வாயாடி. அதன் வயிற்றில் ஒரு ரகசியமும் தங்காது. ஒரு பறவையைப் பார்த்துவிட்டால் "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க!" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும்.

"இவ்வளவு சத்தம் போடுகிறது என்றால் எதையோ மறைக்கிறது என்று அர்த்தம்" என்றது கீரி.

"எதைங்க மறைக்குது?" என்று கேட்டது கீரியின் மனைவி.

"அது தெரிஞ்சா நான் ஏன் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கேன்?"

கீரியும் அணிலும் பார்க்காத பறவை ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. அது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலச் சிறகு, மஞ்சள் வயிறு, வாலுக்கடியில் சிவப்பு என்று யாரோ வண்ணப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டது போல் இருக்கும். ஆனால் கண்ணில் அகப்படுவது கடினம். புதருக்குள் தரையோடு தரையாக, சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டே திரியும். காலையில் ஆறு மணிவாக்கில் ஒரு தரம், மாலையில் ஆறு மணிவாக்கில் ஒரு தரம், "விட்டூ... விட்டூ..." என்று விசிலடிக்கும். அவ்வளவுதான்.

அந்தக் குரல் கிழக்குக் கரையிலுள்ள காரைப் புதர்களிலிருந்து வருவதைக் கீரி கண்டுபிடித்துவிட்டது. உடனே அதற்கு ஒரு பயம் வந்தது. 'இந்த அணிலும் இங்கே வந்துவிட்டால்?'

அன்று மாலை கீரி ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனது. ஒரு தாழம்புதருக்குள் பதுங்கி, உதட்டைக் குவித்து, "விட்டூ... விட்டூ..." என்றது. அச்சு அசலாக இருந்தது.

அணில் தலைதெறிக்க ஓடிவந்தது. தாழம்புதரை மூன்று முறை சுற்றியது. முள்ளில் வாலைக் கீறிக்கொண்டது. இருட்டும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது.

அத்தோடு நின்றதா? காட்டில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் போய், "மேற்குக் கரையில் ஆறுமணிக்குருவி இருக்கு! என் காதால கேட்டேன்! யார் வேணும்னாலும் வந்து தேடலாம்!" என்று சொன்னது.

இதைக் கேட்டதும் கீரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

'இருக்கும் இடத்தை எவனாவது ஊரறியச் சொல்வானா?' என்று அது யோசித்தது. 'அது ஏமாறவில்லை. ஏமாந்ததுபோல் நடிக்கிறது. நான்தான் விசிலடித்தேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் அதுவும் விசிலடிக்கும். என்னைப் போலவே!'

மறுநாள் காலை கீரி காரைப் புதரின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பனி இன்னும் விலகவில்லை. வலதுபக்கம் பத்தடி தூரத்தில் "விட்டூ... விட்டூ..." என்று கேட்டது.

கீரியின் காது நிமிர்ந்தது. கால் எழுந்தது. பிறகு கால் அப்படியே நின்றுவிட்டது.

"ஓகோ!" என்று அது முணுமுணுத்தது. "நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பிக்கிறாயா, அணிலே?"

குரல் வலதுபக்கம் கேட்டதால் கீரி இடதுபக்கம் போனது. மறுபடியும் குரல் வந்தது. இன்னும் தள்ளிப் போனது. இப்படியே போய்ப்போய் ஏரித் தண்ணீருக்குள்ளேயே இறங்கி, கழுத்துவரை நனைந்து நடுங்கிக்கொண்டு வீடு திரும்பியது.

வழியில் அணில் எதிரே வந்தது. வாலில் முள் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

"கீரியண்ணே! என்ன இப்படி நனைஞ்சிருக்கீங்க? நல்லவேளை உங்களைப் பார்த்தேன். இன்னிக்குக் காலையில காரைப் புதர்ப் பக்கம் ஆறுமணிக்குருவி கூவிச்சு, கேட்டீங்களா?"

"நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டது கீரி.

"நான் என் பொந்துல படுத்திருந்தேன். அங்க வரைக்கும் கேட்டுச்சு."

"உன் பொந்தில். சரி. யாராவது சாட்சி உண்டா?"

"தூங்குறதுக்கு எதுக்கு அண்ணே சாட்சி?" அணில் சிரித்தது. "இங்க பாருங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம். நான் மரத்து மேல இருந்து பார்க்கிறேன். நீங்க கீழே இருந்து பாருங்க. எனக்கு நீங்க சாட்சி, உங்களுக்கு நான் சாட்சி. ரெண்டு பேருக்கும் நாற்பத்திரண்டு. சுனையில ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கட்டுமே!"

கீரி அணிலை மேலும் கீழும் பார்த்தது. தனியாக ஜெயிக்க வாய்ப்பிருக்கிறவர் எதற்காகப் பாதி கொடுக்க வேண்டும்? இதில் ஏதோ சூது இருக்கிறது.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றது கீரி. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அந்த அணில் பொறி வைத்திருக்கிறது" என்றது.

"என்ன பொறிங்க?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது பொறியா?"

கடைசி நாள் வந்தது. காலை முழுதும் கீரி பறவையைத் தேடவில்லை, அணிலைப் பின்தொடர்ந்தது. அணில் பழம் தின்றால் கீரி எழுந்து நின்று பார்த்தது. அணில் முதுகைச் சொறிந்தால், 'யாருக்கோ சைகை காட்டுகிறது' என்று நினைத்தது. அணில் அசந்து கண்ணை மூடியபோது, 'தூங்குவதுபோல் எவ்வளவு அழகாக நடிக்கிறது!' என்று வியந்தது.

மாலையில் அணில் காரைப் புதருக்கு நடுவே நின்ற வேப்பமரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்தது. கீரி அந்த மரத்துக்கு நேர் எதிரே, சருகின் மேல் உட்கார்ந்து, இமை கொட்டாமல் அணிலையே பார்த்தது. சூரியன் ஏரிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அப்போது கீரியின் முதுகுக்குப் பின்னால் சருகு சலசலத்தது.

"விட்டூ... விட்டூ..."

கீரி அசையவில்லை.

மரத்தின் மேலே அணில் துள்ளியது. "கீரியண்ணே! பின்னாடி! உங்க பின்னாடி!"

"தெரியும்" என்றது கீரி. "கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறாய். நான் திரும்புவேன், அந்த நேரத்தில் நீ ஏதாவது செய்வாய். திரும்ப மாட்டேன்."

"ஐயோ, நிஜமான குருவி அண்ணே! பச்சை முதுகு! நீலச் சிறகு!"

"நிறம் சொல்ல எனக்கும் தெரியும்."

ஆறுமணிக்குருவி வெளியூர்க் குருவி. கீரியைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. சருகில் நீட்டிக் கிடந்த கீரியின் வாலை அது ஏதோ வேர் என்று நினைத்தது. வாலில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. குருவி 'டொக்' என்று கொத்தியது.

கீரிக்குச் சுரீர் என்றது. கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது: "கிள்ளு! நன்றாகக் கிள்ளு! என்ன செய்தாலும் திரும்ப மாட்டேன்!"

"ஒரே ஒரு தரம் திரும்புங்க அண்ணே!" அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க பார்த்தால்தான் எனக்கும் கணக்கு. உங்களுக்கும் கணக்கு. உங்க குட்டிகளை நினைச்சுப் பாருங்க!"

"என் குட்டிகளை நினைத்துத்தான் திரும்பாமல் இருக்கிறேன்!"

அந்த நேரம் பார்த்துப் புதரை விலக்கிக்கொண்டு ஆமை வந்தது. மாலையில் கொட்டை எண்ணுவதற்காக அது காலையிலேயே ஏரிக் கரையிலிருந்து ஆலமரத்துக்குப் புறப்பட்டிருந்தது. வழி இந்தப் புதருக்குள்தான். ஆமை நின்றது. கழுத்தை நீட்டியது. கீரியின் வாலுக்குப் பக்கத்தில் ஆறுமணிக்குருவி நிற்பதை நிதானமாகப் பார்த்தது.

"நானும் பார்த்தேன்" என்றது ஆமை. "நடுவரின் கண்ணும் கண்தான். அணிலுக்கு நாற்பத்திரண்டு."

கீரியின் முகம் வெளுத்தது. "நடுவர் ஐயா! உங்களையும் அது கைக்குள்ள போட்டுக்கிச்சா?"

ஆமை மேற்கே பார்த்தது. சூரியனின் கடைசிக் கீற்று ஏரியில் முங்கியது.

"போட்டி முடிந்தது" என்றது ஆமை.

அப்போதுதான் குருவி விருட்டென்று எழும்பியது. கீரியின் தலைக்கு மேலே, காது மயிர் அசையும்படி பறந்தது. நீலச் சிறகும் வாலடிச் சிவப்பும் கீரியின் கண்ணெதிரே போய்ப் புதருக்குள் மறைந்தன.

"பார்த்தேன்!" என்று கீரி அலறியது. "நானும் பார்த்தேன்! ஐயா, நிஜமாவே பார்த்தேன்!"

"நான் நம்புகிறேன்" என்றது ஆமை. "ஆனால் சூரியன் போய்விட்டதே."

கீரி அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டது. கடைக்குட்டியின் செருகிய கண்கள் அதன் நினைவுக்கு வந்தன. அணில் மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"வருத்தப்படாதீங்க அண்ணே. சுனை என்னோடதுதானே? கோடையில உங்க வீட்டுக்காரம்மாவையும் குட்டிகளையும் தினமும் அனுப்புங்க. நீங்களும் வாங்க. எல்லாருக்கும் போதும்."

கீரி மெல்லத் தலையைத் தூக்கியது. கண்கள் இடுங்கின.

"எதுக்கு?" என்று கேட்டது.

"தாகம் எடுக்கும் இல்ல, அதுக்குத்தான்."

கோடை வந்தது. ஏரி வெடித்து வறண்டது. கீரியின் மனைவி யாரையும் கேட்கவில்லை. குட்டிகளை அழைத்துக்கொண்டு நேராகச் சுனைக்குப் போனது. மூன்று குட்டிகளும் வயிறு முட்டக் குடித்தன. கடைக்குட்டி அணிலோடு விளையாடிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

ஈர வாயோடு குட்டிகள் திரும்பும்போதெல்லாம் கீரி ஒவ்வொரு வாயாக மோந்து பார்த்தது. ஒரு கெட்ட வாடையும் இல்லை. அதுவே அதற்கு இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது.

கூப்பிடு தூரத்தில் சுனை குளிர்ந்து கிடக்க, கீரி மட்டும் தினமும் ஏரியின் நடுவே போய்ச் சேற்றைத் தோண்டிக் கலங்கல் நீரை நக்கிவிட்டு வந்தது.

நீதி: பொய்க்குரல் கொடுத்து ஏமாற்றுகிறவனுக்கு, பிறகு மெய்க்குரலும் பொய்யாகவே கேட்கும்.