மிட்டாதார் காய வைத்த கஞ்சி

மிட்டாதார் ஆனையப்பர், குளத்துப் படியில் வழுக்கி விழுந்தார். சலவைக்கார மாசானம் வேட்டிகளுக்குப் போட வைத்திருந்த கஞ்சி அங்கே சிந்திக் கிடந்தது. விழுந்ததுகூடப் பெரிதில்லை, ஊரே பார்த்துச் சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே மாசானம்! அதே கஞ்சியைக் குளத்தங்கரை வழுக்குமரத்துல தடவச் சொல்லுதேன். நாளைக்கு நீ உச்சிவரைக்கும் ஏறணும். ஏறலைன்னா இந்தக் குளத்துல இனி துணி நனைக்கப்படாது!"

மறுநாள் காலை மரத்தில் கஞ்சி சொட்டச் சொட்ட வழிந்தது. மாசானம் கும்பிட்டான்.

"ஏறுதேன் எசமான். அதுக்கு முன்னால உங்க வம்சப் பெருமையை நாலு வார்த்தை சொல்லுங்க. கேட்டா எனக்கும் தெம்பு வரும்."

கேட்க வேண்டுமா? பட்டு அங்கவஸ்திரம் மரத்தில் உரசுவதுகூடத் தெரியாமல் மிட்டாதார் பூட்டனிலிருந்து தொடங்கினார். பாட்டனார் புலியைக் கொல்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மாசானம் மரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுவென்று உள்ளங்கையைப் பிடித்தது. பல்லி மாதிரி விறுவிறுவென்று ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினான்.

"வழுக்கெல்லாம் எங்கேலே போச்சு?" என்று அலறினார் மிட்டாதார்.

"ஈரக் கஞ்சி ஆளைத் தள்ளிவிடும் எசமான், அரைகுறையாக் காஞ்ச கஞ்சி ஆளைப் பிடிச்சுக்கிடும். காய வச்சது உங்க வம்சம்."

மிட்டாதார் கோபத்தோடு திரும்பினார். அங்கவஸ்திரம் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"இழுக்காதீங்க எசமான், கிழிஞ்சிரும். தண்ணி பட்டாத்தான் விடும்," என்றான் மாசானம், கையைக் கட்டிக்கொண்டு. "இப்பச் சொல்லுங்க, குளத்துல நான் துணி நனைக்கலாமா?"