ஒற்றைக் குமிழ் பெட்டி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. லோதார் அழாத குறையாக நிற்கிறார். முதலில் அவரைக் கவனிப்போம்.

“மெஷினே எல்லாத்தையும் வாசிக்குது, மார்லீஸ். அப்புறம் நான் எதுக்கு?”

வேனின் பின்கதவருகே உட்கார்ந்திருந்த மார்லீஸ் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார்.

“சூடா இருக்கு. குடிக்கிறீங்களா?”

லோதார் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கைவிரல்களும் பாதங்களும் ஓயாமல் உழைத்துப் பழகியவை. தலை நரைத்த பிறகு அதை விட்டுவிட்டு, ‘மூன்றாவது ஷிப்ட்’ இசைக்குழுவில் சேர்ந்திருந்தார். மார்லீஸ் வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் குரு மார்லீஸ்தான்.

எசன் நகரத்தில், மூடிக்கிடந்த ஆலையின் கீழறையில் மார்லீஸும் எகானும் தொடங்கிய குழு அது. மார்லீஸ் மெஷினில் தாளத்தை ஏற்றுவார். எகான் அதற்கு மேலே நின்று கத்துவார். அவ்வளவுதான் பாட்டு.

முதல் ரிக்கார்டைக் கேட்ட கடைக்காரர் மூக்கைச் சுளித்தார். “வாஷிங் மெஷின் ஓடறதை எதுக்கும்மா பதிவு பண்ணியிருக்கே?”

கொஞ்ச காலத்தில் பெல்ஜியத்திலும் சுவீடனிலும் பிள்ளைகள் அந்த வாஷிங் மெஷினுக்குச் சட்டை நனைய ஆடினார்கள்.

பிறகு, இவர்களைப் பார்த்துத் தொடங்கியவர்கள் பெரிய அரங்குகளுக்குப் போனார்கள். இவர்கள் சின்ன அரங்குகளிலேயே இருந்தார்கள். அப்புறம் எகானின் தொண்டை போனது. இப்போது அவர் வேன் ஓட்டுகிறார். கிசுகிசுப்பாகப் பேசுவார். அடிக்கடி இருமுவார்.

அவர் இடத்தில்தான் இப்போது லோதார் நின்று கத்துகிறார். நிற்பது என்றால் விளக்குக் கம்பம் மாதிரி. கண் முழுக்க மெஷின் மேல். எதிரே ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள்.

“லைப்சிக் கச்சேரியிலயும் இப்படியே நின்னாங்கன்னா, மெஷினையெல்லாம் மியூசியத்துக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்,” என்றார் மார்லீஸ். “மியூசியத்துலேர்ந்து கேட்டுட்டாங்க. அன்னைக்கு ஆள் வர்றாரு.”

லோதார் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“என் கைக்கு ஒரு வேலை கொடுங்க. கத்துக்கறேன்.”

மார்லீஸ் வேனுக்குள் துழாவி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். அதில் ஒரே ஒரு குமிழ். பின்னால் நீளமான ஒயர். குமிழின் ஓரத்தில் யாரோ வருஷக்கணக்காகப் பிடித்துத் திருப்பிய கட்டைவிரல் பள்ளம்.

“வலது பக்கம் திருப்பினா தாளம் நெஞ்சுல வந்து இடிக்கும். இடது பக்கம் திருப்பினா விலகி நிக்கும்.”

“எப்போ திருப்பணும்?”

“அது மெஷினுக்குத் தெரியாது. ஆடறவங்களைப் பாருங்க.”

முன் சீட்டில் எகான் இருமினார்.

“இன்னொண்ணு,” என்றார் மார்லீஸ். “பழைய குமிழ். சும்மா விரலால திருப்பினா கேட்காது. முழங்கால்லேர்ந்து திருப்பணும்.”

எகானுக்கு இருமல் தாங்க முடியவில்லை.

“மாத்திரை போட்டீங்களா?” என்று லோதார் அக்கறையாக விசாரித்தார்.

பிரேமனில் பெட்டி மேடை ஏறியது. ஒயரை மார்லீஸே மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோனார். லோதார் முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்தார். சுவரோரம் ஒரு குண்டு மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். லோதார் முழங்காலை மடக்கி, இடுப்பைச் சுழற்றி, வலது பக்கம் திருப்பினார்.

குண்டு மனிதரின் தலை ஆடியது.

அடுத்த ஊரான காசலில் நாலு வரிசை ஆடியது. லோதார் தினமும் பெட்டியைத் துடைத்தார். யாரையும் தொட விடவில்லை.

“மார்லீஸ், நேத்து ஒரு நூல் அதிகமா திருப்பிட்டேன். சத்தம் கரகரன்னு ஆயிடுச்சு, கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். காதே கூசுச்சு.”

எகான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய் இருமினார்.

லைப்சிக். பழைய பஞ்சாலை, பட்டப்பகல். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் கொட்டியது. வெளிச்சத்தில் ஆட எல்லோருக்கும் கூச்சம். முன்வரிசையில் டை கட்டிய மியூசியக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

லோதார் கத்தினார். பார்த்தார். திருப்பினார். தோள்கள் அசையத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது.

லோதார் அப்படியே உறைந்து போனார். மெஷின் டும் டக் என்று தன்பாட்டுக்கு ஓடியது. அதே தாளம், அதே சத்தம். ஆனால் எதிரே தோள்கள் ஒவ்வொன்றாக நின்றன. மியூசியக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

போச்சு, என்று நினைத்தார் லோதார். ஒயரைப் பிடித்தாவது எதையாவது செய்யலாம் என்று மைக்கோடு மண்டி போட்டார். ஒயர் மேசைக்கடியில் போனது. தவழ்ந்தார். ஒயர் மெஷினுக்குப் பின்னால் போனது. லோதாரும் போனார். ஒயர் மெஷினைத் தொடாமல் தாண்டிப் போனது.

மார்லீஸின் பிளாஸ்க் கைப்பிடியில், அழகான பூ முடிச்சாக முடிந்திருந்தது.

மார்லீஸ் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

“சூடா இருக்கு. குடிக்கிறீங்களா?”

லோதார் மேடை ஓரத்தைப் பார்த்தார். எகான் கண்ணில் நீர் வழியக் குலுங்கிக்கொண்டிருந்தார். அது இருமல் இல்லை. எந்த நாளும் இருமலாக இருந்ததில்லை. அவர் தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

லோதார் கையிலிருந்த குமிழைப் பார்த்தார். அதிலிருந்த பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்.

அப்போதுதான் வந்தது அந்தச் சிரிப்பு. லோதாரின் அடிவயிற்றிலிருந்து, மைக் வழியாக, ஆலை முழுக்க.

சிரித்துக்கொண்டே எழுந்து முன்னால் வந்தார். வெறும் குமிழைக் காற்றில் பிடித்தார். முழங்காலிலிருந்து, வலது பக்கம், ஒரே திருப்பு.

முதலில் குதித்தது மியூசியக்காரர்.