இருவாச்சியின் இரவல் குரல்

மலைச்சோலைக்குள் ஒரு பெரிய குங்கிலிய மரம். அதன் பொந்தில் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். அவள் புருஷன் பெயர் மஞ்சக்கழுத்தன்.

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும்தான் பாக்கி. இறகெல்லாம் உதிர்ந்து போயிருக்கும், பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்ட வேண்டும்.

மஞ்சக்கழுத்தன் அலுக்காத ஆள். காலையில் போனால் மலைக்கு அந்தப் பக்கம்வரை போய் ஆலம்பழமும் அத்திப்பழமும் தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வருவான். அவன் சிறகடித்து வருவது, அரிசி மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி தூரத்திலேயே கேட்கும்.

உள்ளே இருப்பவளுக்கு வேலை என்ன? முட்டை பொரிந்து ஒரு குஞ்சும் வந்தாயிற்று. அது தின்னும், தூங்கும். மீதி நேரமெல்லாம் இருட்டு. பொன்னலகி அலகால் பொந்துச் சுவரில் டொக் டொக் என்று தட்டினாள். தட்டத் தட்டத் தாளம் வந்தது. தாளம் வந்தபின் பாட்டு வராமல் இருக்குமா?

ஒரு வாரம் போட்டுக் குழப்பி மூன்று அடி கட்டிவிட்டாள். நாலாவது அடிதான் முரண்டு பிடித்தது.

"அலகு நீட்டி வாங்குவேன்... அப்புறம்? நித்தம் நித்தம் ஏங்குவேன்... சீ! அழுமூஞ்சிப் பாட்டு!" என்று தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் குஞ்சு அவள் மார்பில் சாய்ந்து கண் சொருகியபோது அந்த அடி தானாக வந்து விழுந்தது.

"மண்ணு பூசி வாசல் அடைச்சு உள்ள இருக்கேன் மச்சான்!
மூக்கு நுழையும் சந்து வழி உலகம் பாக்கேன் மச்சான்!
ஆலம்பழம் நீ கொணந்தா அலகு நீட்டி வாங்குவேன்!
அது வராத நேரமெல்லாம் பாட்டுக் கட்டித் தூங்குவேன்!"

பொன்னலகி பூரித்துப் போனாள். பொந்துக்குள் அவள் குரல் கோயில் மண்டபத்தில் பாடுகிற மாதிரி கும்மென்று ஒலித்தது. "அடேயப்பா! எனக்குள்ள இப்படி ஒரு குரலா!" என்று நினைத்துக்கொண்டாள்.

இதை மஞ்சக்கழுத்தனிடம் அவள் சொல்லவில்லை. அவன் பறந்து போனபிறகுதான் பாடிப் பார்ப்பாள். என் வயிற்றுக்காக மலைமலையாக அலைகிறானே, ஒருநாள் அவன் வரும்போது இந்த மரமே பாடி வரவேற்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

மரம் எப்படிப் பாடும்? அதற்குத்தான் மைனா இருந்தான். அந்த மலைமைனா எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், காதிலேயே பிடித்து வைத்துக்கொள்வான். எத்தனை தடவை கேட்டாலும் அப்படியே திருப்பிப் பாடுவான்.

ஒரு காலை மஞ்சக்கழுத்தன் கிளம்பினான். "ஏ புள்ள, இந்தப் பக்கத்து ஆலமரத்துல பழம் ஓஞ்சு போச்சு. இன்னைக்குப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போறேன். வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

இதுதான் சமயம் என்று பொன்னலகி சந்து வழியாகக் கூப்பிட்டாள். "மைனாத் தம்பி! கொஞ்சம் இப்படி வா!"

மைனா வந்து எதிர்க்கொம்பில் உட்கார்ந்தான். "சொல்லுங்க அக்கா!"

"ஒரு பாட்டு கட்டியிருக்கேன். பிடிச்சு வச்சுக்கிறியா?"

"அதுக்கென்ன! பாடுங்க. கீழ சிந்துற பழம் எனக்கு. சரிதானே?"

"சரி, சரி!"

பொன்னலகி தாளம் தட்டிப் பாடினாள். மூன்றாவது அடியில் மேல்கிளையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "யாருடி அது காலங்காத்தால? இப்பத்தான் என் புள்ள கண்ணசந்துச்சு!" மேல்வீட்டு மலையணில் அது.

பாட்டு முடிந்ததும் மைனா திருப்பிப் பாடினான். பாட்டும் இருந்தது. "யாருடி அது காலங்காத்தால!" என்பதும் நடுவில் இருந்தது.

"ஐயோ, அணிலக்கா திட்டினதை எதுக்குடா போட்டே?"

"கேட்டதைக் கேட்டபடி பிடிப்பேன் அக்கா. தனியாப் பிரிச்செடுக்க நமக்குத் தெரியாது."

ஆனால் பொன்னலகியின் மனசு அணிலிடம் நிற்கவில்லை. வேறொன்று அவளை உறுத்தியது.

"தம்பி, பாடினது யாரு?"

"நீங்கதான்!"

"பொய்! என் குரல் எப்படி கும்முன்னு இருக்கும்! இது தரையில தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கு!"

மைனா சிரித்தான். "பொந்துக்குள்ள பாடினா யாருக்கும் கும்முன்னுதான் இருக்கும் அக்கா. வெளியில நாங்க கேக்குறது இதுதான்."

இந்தக் குரலிலா இத்தனை வருஷம் பேசினோம்? இந்தக் குரலையா மச்சான் தினமும் கேட்டுக்கொண்டு வருகிறான்?

"இது வேண்டாம்" என்றாள். "பாட்டு இருக்கட்டும். குரலை மாத்து!"

"தாராளமா! பிடிச்சதைப் பிரிக்கத்தான் தெரியாது, வேற குரல்ல புதுசாப் பாடிடுவேன். என்கிட்ட நாப்பது குரல் இருக்கு. எது வேணும்?"

"ஆரம்பத்துக்குப் பூங்குயிலோட சீழ்க்கை. நடுவுல சோலைபாடிக் குருவி. முடிக்கும்போது கொண்டைக்குருவி மாதிரி இனிமையா இறங்கணும்."

"உங்க டொக் டொக்?"

"அதையும் எடு. மரங்கொத்தி தட்டினா இன்னும் சுத்தமா இருக்கும்."

மைனா அப்படியே பாடினான். அருவி ஓரத்தில் காற்று வீசுகிற மாதிரி இருந்தது! மலையணில்கூடத் தலையை நீட்டி, "அடி, யாருடி இது? தேனா ஊத்துது!" என்றது.

பொன்னலகிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுதான்! இப்படியே பாடிக்கிட்டு இரு. மச்சான் வர்றவரைக்கும் நிறுத்தாதே!"

மைனா உச்சிக்கொம்பில் ஏறிப் பாட ஆரம்பித்தான். பாட்டு சோலையெங்கும் பரவியது. கருமந்திக் கூட்டம் வந்து மரத்தடியில் உட்கார்ந்தது. சருகுமான் புதரிலிருந்து காதை நீட்டியது.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. சாதாரண மூட்டம் இல்லை. தன் சிறகு நுனி தனக்கே தெரியாத அளவுக்கு வெள்ளையாக வந்து சோலையை மூடிக்கொண்டது. எந்த மரம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் மஞ்சக்கழுத்தன் தூரத்திலிருந்தே "கக்கா?" என்று கேட்பான். பொன்னலகி உள்ளிருந்து "கக்கா!" என்பாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேருவான்.

தூரத்தில் சிறகுச் சத்தம் கேட்டது. பொன்னலகி சந்து வழியாகக் கிசுகிசுத்தாள். "தம்பி, நல்லாப் பாடு!"

மைனா பாடினான். சிறகுச் சத்தம் நெருங்கியது. தலைக்கு மேலே வந்தது. அப்படியே தாண்டிப் போய்விட்டது!

"பாட்டைக் கேட்டு மலைச்சுப் போயிருப்பான். திரும்பி வருவான்" என்று பொன்னலகி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

திரும்பித்தான் வந்தான். இந்த முறை, "கக்கா?" என்ற குரலும் கேட்டது.

பொன்னலகி பதில் சொல்ல அலகைத் திறந்தாள். அதற்குள் மரத்தடியில் ஒரு கருமந்தி இன்னொன்றிடம் சொன்னது காதில் விழுந்தது. "இப்படிப் பாடுறவளைப் பாக்கணுமே! எவ்வளவு அழகா இருப்பாளோ!"

திறந்த அலகு மூடிக்கொண்டது. இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் தகரத்தை இழுக்கிற குரலில் எப்படிக் கத்துவது?

"கக்கா? கக்கா?" மஞ்சக்கழுத்தன் மறுபடி கேட்டான். மைனா தேனாகப் பாடினான். சிறகுச் சத்தம் வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் போயிற்று. பிறகு பள்ளத்தாக்குப் பக்கமாகத் தேயத் தொடங்கியது.

குஞ்சு விழித்துக்கொண்டது. "அம்மா, பசிக்குது!"

"இரு கண்ணு, அப்பா வந்துருவார்."

"எங்க? சத்தம் தூரமாப் போகுதே!"

குஞ்சு அவள் மார்பில் அலகால் இடித்தது. காலையில் தின்ற நாலு பழம் எந்நேரத்துக்குத் தாங்கும்? வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டு வந்தது. இருட்டிவிட்டால் மஞ்சக்கழுத்தன் எந்தக் கொம்பிலோ ஒண்டிக்கொள்வான். நாளைக்கும் மூட்டம் விலகாவிட்டால்? வாசல் மண் பூசிக் கிடக்கிறது. இறகு இல்லை. போய்த் தேட வழி இல்லை.

அவளிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான்.

"தம்பி, நிறுத்து!" என்றாள் பொன்னலகி.

"அக்கா, இப்பத்தான் கூட்டம் சேருது..."

"நிறுத்துடா!"

மைனா நிறுத்தினான். சோலை அமைதியானது. பொன்னலகி சந்துக்குள் அலகை நுழைத்து, இருக்கிற மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"கக்கா! கக்கா! கக்கா!"

கருமந்திகள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தன. "யாரது?" "எங்க போனா பாடினவ?" "இது என்ன, மரம் முறியுதா?" சருகுமான் ஒரே தாவலில் புதருக்குள் போய்விட்டது.

பொன்னலகிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் விடவில்லை. "கக்கா! கக்கா!"

பள்ளத்தாக்குக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. "கக்கா!"

அரிசி மில் பெல்ட் ஓடுகிற மாதிரி அந்தச் சிறகுச் சத்தம் வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை மூட்டத்தைப் பிளந்துகொண்டு மஞ்சக்கழுத்தன் வாசலில் வந்து தொங்கினான். மூச்சிரைத்தது.

"இங்கதான் இருக்கியா புள்ள! மூணு சுத்து சுத்திட்டேன்! ஏன் குரல் குடுக்கல? பாம்பு கீம்பு நுழைஞ்சிருச்சோன்னு உயிரே போச்சு!"

பொன்னலகி மெதுவாகக் கேட்டாள். "வழியில பாட்டு எதுவும் கேக்கலையா?"

"கேட்டுச்சே! யாரோ ரொம்ப நல்லாப் பாடிக்கிட்டு இருந்தாங்க. நின்னு கேக்க எனக்கு ஏது நேரம்? எங்க வீட்டுல ரெண்டு பேரு பசியா இருக்காங்கன்னு தாண்டிப் பறந்துட்டேன்."

அவன் தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக எடுத்துச் சந்து வழியாக நீட்டினான். முதல் பழம் குஞ்சுக்குப் போயிற்று. அடுத்த நாலையும் பொன்னலகி வாங்கிக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். "அது நான் கட்டின பாட்டு மச்சான். உனக்காகத்தான்."

மஞ்சக்கழுத்தன் அலகைத் திறந்தபடி விழித்தான். "நீ கட்டினதா? அப்ப நீயே பாடு, கேப்போம்!"

"என் குரல் தகரம் மாதிரி இருக்கும்..."

"அது எனக்குத் தெரியாதா? பாடு புள்ள!"

பொன்னலகி தாளம் தட்டிப் பாடினாள். குரல் கரகரத்தது. நடுவில் இருமல் வந்தது. மேலே மலையணில், "இன்னைக்கு எம்புள்ள தூங்கினாப்பலதான்!" என்று முனகியது. கருமந்திகள் ஒவ்வொன்றாக நழுவிப் போய்விட்டன. மஞ்சக்கழுத்தன் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "தூங்குவேன்" என்ற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னொரு தடவை!" என்றான்.

மைனா கொம்பில் நெளிந்தான். "அக்கா, நான் பிடிச்சு வச்சதை என்ன பண்ண?"

"அதை விட்டுடு தம்பி. இப்பப் பாடினதைப் பிடிச்சுக்கோ."

"இருமலோடயா?"

"இருமலோட! அணிலக்கா முனகினதும் இருக்கட்டும்!"

அதற்குப்பிறகு மூட்டம் இறங்கிய நாளெல்லாம் உச்சிக்கொம்பிலிருந்து மைனா அந்தப் பாட்டைத் தகரக் குரலில் பாடினான். கேட்க ஒரு கூட்டமும் வரவில்லை. ஆனால் மஞ்சக்கழுத்தன் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் நேரே வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

ஆகவே பிள்ளைகளே, நம் பாட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் குரலை மட்டும் இரவல் வாங்கக் கூடாது. இரவல் குரலுக்கு ஊரே கூடும், நமக்கு வேண்டியவர்கள் மட்டும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவார்கள்.