காற்றுமேளம் வந்த கல்யாணம்

இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை இது. அதுவரை நான் இருக்கப்போவதில்லை, நீங்களும் காத்திருக்கமாட்டீர்கள். அதனால் நடந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கொக்கரசம்பேட்டையில் ஒரு மேளக் குழு இருந்தது. நாகஸ்வரம் அம்பலவாணர், தவில் குழந்தைவேலு, தாளம் வேம்பு. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இந்த மூவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு கல்யாணத்தில், "பெண் மேடைக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள்" என்றார்கள். பெண் விடிவதற்குள் வேறொருவனோடு போய்விட்டாள். இவர்கள் மூன்று நாள் வாசித்தார்கள்.

அந்த வருஷங்களில் எல்லாக் கல்யாணங்களிலும் காற்றுமேளம் என்ற கண்ணாடிப் பெட்டிக்குத்தான் மவுசு. அதன் எதிரில் கையை மெல்ல ஆட்டினால் நாகஸ்வரம் கேட்கும். வேகமாக ஆட்டினால் தவில் கேட்கும். பெண்ணைப் பெற்ற கோதண்டம், தன் மகள் மரகதவல்லி கல்யாணத்துக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மூவரும் பழைய வாத்தியங்களைப் பரணில் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியை வாடகைக்கு விடும் கடைக்குப் போனார்கள்.

"பெட்டியைத் தொடவே கூடாது. நீங்க கையை ஆட்டினா போதும்" என்றார் கடைக்காரர்.

அவர் கை கழுவப் போனதும் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"தொடாம எப்படிண்ணே தூக்கிட்டுப் போறது?" என்றான் குழந்தைவேலு.

"மேசையைத் தொடலாமா?" என்றான் வேம்பு.

"மேசையைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அம்பலவாணர்.

மேசையோடு தூக்கிப்போனார்கள். மேசைமேல் கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியும் மதியச் சாப்பாடும் இருந்தன. சாப்பாட்டை வேம்பு வழியிலேயே முடித்துவிட்டான். அதைத் தொடக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது. தவறினால் மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போய்த் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். அப்பாவோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டி மரகதவல்லி சம்மதம் வாங்கிய மாப்பிள்ளை அவர். பாவம், அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

மண்டபத்தில் யாரோ கொசு அடித்தார், தவில் அதிர்ந்தது. ஒரு அத்தை கொண்டையைச் சரிசெய்தாள், மோகனம் கிளம்பியது. அம்பலவாணர் பதறிப்போய், "எங்க மூணு பேரைத் தவிர யாரும் கையை ஆட்டக்கூடாது!" என்று அறிவித்தார். முன்னூறு பேரும் கைகட்டி உட்கார்ந்தார்கள். வீடியோ எடுப்பவர் மூக்கு அரிப்பைத் தாங்கிக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு ஐயர், "மாங்கல்யத்தை எடுத்துக்கோங்கோ" என்றார். மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பெட்டி 'பீ' என்றது.

"வேம்பு, மாப்பிள்ளை கையைப் பிடி!" என்று பாய்ந்தார் அம்பலவாணர்.

கோதண்டம் குறுக்கே வந்தார். "ஏன்யா, கையை ஆட்டாம எப்படிய்யா தாலி கட்டுறது?"

"தன் கல்யாணத்துக்குத் தானே மேளம் வாசிச்ச மாப்பிள்ளைன்னு நாளைக்கு ஊர் சிரிக்குங்க. ஆடுறது எங்க கையா இருக்கணும்" என்றார் அம்பலவாணர்.

"நாம கட்டினா பொண்ணு நம்ம பொண்டாட்டி ஆயிடுமேண்ணே? எனக்கு ஏற்கெனவே வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றான் குழந்தைவேலு.

அம்பலவாணர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஆள் மாப்பிள்ளையா இருக்கட்டும். கை மட்டும் உன்னுதா இருக்கட்டும்."

அப்படியே ஆயிற்று. வேம்பு மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குழந்தைவேலு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்குள் வழியாகக் கைகளை நீட்டித் தாலியை வாங்கினான். முன்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. முடிச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க அம்பலவாணர் நடுவில் குனிந்தார்.

கோதண்டம் விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். பெட்டி மண்டபமே அதிர முழங்கியது. குழந்தைவேலு மூன்று முடிச்சையும் அழுத்தமாகப் போட்டான். கைகட்டிய கூட்டத்துக்கும் சேர்த்து ஐயரே பூவும் அட்சதையும் தூவினார். ஓசை அடங்கியபோது தாலி அம்பலவாணர் கழுத்தில் இருந்தது.

மணி எட்டு ஐம்பத்தெட்டு.

"கழட்டுய்யா அதை!" என்று கோதண்டம் அலறினார்.

"கட்டின தாலியைக் கழட்டுறதா? அபசகுனமுங்க!" என்று அம்பலவாணர் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

மரகதவல்லி யாரையும் கேட்கவில்லை. தாம்பாளத்திலிருந்த மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளை முடிந்து, வேம்புவைத் தள்ளிவிட்டு, மாப்பிள்ளை கையில் கொடுத்துக் கழுத்தை நீட்டினாள். ஒன்பதுக்கு அரை நிமிஷம் இருக்கும்போது அவர் கட்டிவிட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முன்னூறு பேரும் கட்டியிருந்த கையை விடுவித்துத் தட்டினார்கள்.

அம்பலவாணர் மட்டும் தலையைக் குனிந்து நின்றார். அங்கவஸ்திரத்தை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஐயர் பக்கம் நகர்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சாமி, ஆள் மாப்பிள்ளை, கை குழந்தைவேலு. நான் இப்ப எந்த வீட்டுல போய் வலது காலை எடுத்து வைக்கணும்?"